உயர்ந்து பூக்கும் ஹாலிஹாக்: வெண்டைக்கும் பருத்திக்கும் உறவுக்காரப் பூ

வீட்டு வாசலிலும் வேலியோரத்திலும் ஆள் உயரத்திற்கு மேல் நின்று, தண்டு நெடுகப் பூக்கும் செடி ஹாலிஹாக். சீமைத்துத்தி என்று இதைச் சொல்வாரும் உண்டு. குளிர்ந்த இடங்களில் வளர்க்க எளிதானது. விதை விலையும் அதிகமில்லை. ஆனால் விவசாயம் செய்யும் குடும்பம் இச்செடியை நடும் முன்பு ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது அவசியம். அழகுக்காக நடும் பத்துச் செடிகள், பக்கத்து வயலில் உள்ள வெண்டைக்கும் பருத்திக்கும் பகையாகிவிடக் கூடும். எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்பதை அறிந்து நட்டால் தொல்லையில்லை.

என்ன குடும்பம்?

ஹாலிஹாக்கின் தாவரப் பெயர் அல்சியா ரோசியா. பழைய நூல்களில் அல்தியா ரோசியா என்று குறித்திருப்பார்கள். இது பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்தி, வெண்டை, புளிச்சை, செம்பருத்தி, பூவரசு, வரப்பில் தானே முளைக்கும் துத்தி ஆகிய எல்லாம் இந்த ஒரே குடும்பம்தான்.

உறவை அறியப் பெரிய படிப்பு தேவையில்லை. வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் ஹாலிஹாக் பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். மூன்றிலும் ஐந்து இதழ்கள் இருக்கும். நடுவில் மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குழாய் போல நிற்கும். அக்குழாயின் உள்ளிருந்து சூல்முடி வெளியே நீண்டு வரும். இலையையோ தண்டையோ கசக்கினால் வழவழப்பான பசை வரும். வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுவதும் இவ்வகைப் பசையே.

சீனாவில் இச்செடியை மிகப் பழங்காலம் தொட்டே வளர்த்து வருகின்றனர். மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலமாகத் தோட்டச் செடியாக இருந்து வருகிறது. யுனானி வைத்தியத்தில் இதன் பூவுக்குக் குல்கைரு என்று பெயர். இருமலுக்கான மருந்துகளில் சேர்ப்பார்கள். கருஞ்சிவப்புப் பூவிலிருந்து சாயம் எடுக்கும் வழக்கமும் ஐரோப்பாவில் இருந்தது.

செடியின் இயல்பு

விதை முளைத்ததும் ஹாலிஹாக் உடனே உயர்ந்துவிடாது. முதலில் தரையோடு ஒட்டி, முள்ளங்கிச் செடி போல வட்டமாக இலை விரிக்கும். இலைகள் அகலமானவை, சொரசொரப்பானவை, ஐந்து அல்லது ஏழு மடல்களாகப் பிரிந்திருக்கும். இந்தப் பருவத்தில் மண்ணுக்குள் ஆணிவேர் ஆழமாக இறங்கிச் சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகுதான் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பும். தண்டு 5 முதல் 8 அடி வரை உயரும்.

பழைய ரகங்கள் விதைத்த ஆண்டில் இலையும் அடுத்த ஆண்டில் பூவுமாக இரண்டு ஆண்டுக் கணக்கில் வளர்பவை. விதைத்த 5, 6 மாதங்களில் பூத்துவிடும் ஓராண்டு ரகங்களும் கிடைக்கின்றன. விதை வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குவது நல்லது. தெரியாமல் ஈராண்டு ரகத்தை வாங்கி, முதல் ஆண்டில் பூக்கவில்லையே என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு.

பூக்கள் தண்டின் அடியிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக மலரும். ஒரு பூ ஓரிரு நாளே நிற்கும். ஆனால் அடுத்தடுத்து மொட்டுகள் விரிவதால், செடி சில வாரங்கள் பூவோடு காட்சி தரும். பூவின் அகலம் 8 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பல நிறங்கள் உண்டு. கறுப்பு என்றே சொல்லத்தக்க கருஞ்சிவப்பு ரகமும் இருக்கிறது. ஒற்றை அடுக்குப் பூ, பல அடுக்குப் பூ என்றும் இரண்டு வகை உண்டு. பல அடுக்குப் பூ பார்க்க அழகு; ஒற்றை அடுக்குப் பூவே தேனீக்களுக்கு உகந்தது.

எங்கே நன்கு வரும்?

இது குளிர் விரும்பும் செடி. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் செழித்து வளரும். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால், செடி தரையோடு ஒட்டிய நிலையில் பனிக்காலத்தைக் கடந்து, கோடையில் பூந்தண்டு விடும். வேரும் அடியிலைகளும் குளிரைத் தாங்குபவை.

வட இந்தியச் சமவெளிகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விதைத்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூ எடுக்கிறார்கள். அங்கு குளிர்காலம் நீண்டது. தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர் குறைவு. வெயில் சீக்கிரம் ஏறிவிடும். எனவே ஓசூர் போன்ற சற்று உயரமான, இதமான இடங்களில் ஓராண்டு ரகங்களை முயன்று பார்க்கலாம். கடலோர மாவட்டங்களிலும் கடும் வெப்பமுள்ள உள்மாவட்டங்களிலும் இதற்காகப் பாடுபடுவதில் பயனில்லை.

வெயில் நாள் முழுவதும் படும் இடமே ஏற்றது. நிழலில் வளர்ந்த செடி மெலிந்து சாயும். நல்ல வடிகால் உள்ள எந்த மண்ணிலும் வரும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அடிவேர் அழுகிவிடும். காற்று அதிகம் அடிக்கும் திறந்த மேட்டைக் காட்டிலும், தெற்கு அல்லது கிழக்கு பார்த்த சுவரோரம் நல்லது. ஆனால் சுவரை ஒட்டி நெருக்கமாக நடக்கூடாது. ஒன்றரை அடியாவது தள்ளி நட்டால்தான் பின்புறம் காற்று நுழையும்.

விதைப்பும் நடவும்

விதை தட்டையாக, வட்டமாக, மெல்லியதாக இருக்கும். ஒரு கிராமில் சுமார் 100 விதைகள் நிற்கும். வீட்டுத் தோட்டத்திற்கு ஒரு கிராம் விதையே தாராளம். முதல் நாள் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

ஆணிவேர்ச் செடியாதலால் நிலத்திலேயே நேரடியாக விதைப்பது சிறந்தது. ஒவ்வொரு குழியிலும் இரண்டு, மூன்று விதைகளை ஒரு செ.மீ. ஆழத்திற்கு மேற்படாமல் ஊன்றி, பொடி மண் தூவி, பூவாளியால் நீர் விடவேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும். பிறகு வலுவான ஒரு நாற்றை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடலாம்.

நாற்று விட்டு நட விரும்புவோர் சிறு பைகளில் விதைப்பது நலம். நான்கைந்து இலை வந்தவுடன் மண்கட்டி உடையாமல் எடுத்து நடவேண்டும். முற்றிய நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து, செடி குன்றிப்போகும்.

குழிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய தொழுஉரம் இட்டால் போதும். தழைச்சத்து மிகுந்த உரங்களை அள்ளிப் போடக்கூடாது. அவ்வாறு போட்டால் இலை கொழுத்து, தண்டு மென்மையாகி, காற்றில் சாயும். நோயும் எளிதில் பற்றும். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி கொடுக்கவேண்டும். தண்டு இரண்டடி வந்ததும் 6 அடி மூங்கில் குச்சி ஊன்றி, மூன்று இடங்களில் தளர்வாகக் கட்டிவிட வேண்டும்.

நீர் பாய்ச்சும்போது அடிமண்ணில் மட்டும் விடவேண்டும். இலை மேல் தெளித்து நனைப்பது கூடாது. மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாக நிற்கும். துருநோய் நுழைவதற்கு அந்த ஈரமே வாசல் திறந்து வைக்கிறது.

ஒரு பூவின் வீழ்ச்சி

துருநோய் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்தது நல்ல சான்று. எசெக்ஸ் பகுதியில் சாஃப்ரன் வால்டன் என்ற ஊர் உண்டு. முற்காலத்தில் குங்குமப்பூ பயிரிட்டதால் அப்பெயர் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வில்லியம் சேட்டர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் பல அடுக்கு ஹாலிஹாக் ரகங்களை உருவாக்கிப் பெயர் பெற்றார். அவர் பெயர் தாங்கிய பல அடுக்கு ரகம் இப்போதும் விதைக் கடைகளில் கிடைக்கிறது. அக்காலத்தில் ஹாலிஹாக் பூக்களைப் போட்டிக்கு வைப்பதும், புது ரகங்களை நல்ல விலை கொடுத்து வாங்குவதும் அந்நாட்டில் பெரிய மோகமாக இருந்தன.

துருநோயை உண்டாக்கும் பூசணத்தின் பெயர் பக்சினியா மால்வேசியாரம். தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1852-இல் இதை வகைப்படுத்தினார்கள். 1869-இல் இது ஸ்பெயினில் காணப்பட்டது. 1873-இல் இங்கிலாந்தை எட்டியது. சில ஆண்டுகளுக்குள் பெயர் பெற்ற தோட்டங்கள் பாழாயின. போட்டிக்கு வைத்த அருமையான ரகங்கள் பலவும் காணாமற் போயின.

இவ்வளவு விரைவாக அழிந்ததற்குக் காரணம் உண்டு. பெயர் பெற்ற ரகங்களை விதையால் பெருக்கினால் அதே பூ வராது. எனவே வேர்ப் பிரிவு, தண்டுத்துண்டு, ஒட்டு ஆகிய முறைகளில் பெருக்கினார்கள். ஒரு தாய்ச்செடியில் நோய் இருந்தால், அதிலிருந்து எடுத்த எல்லாக் கன்றுகளுடனும் நோயும் சேர்ந்தே பயணம் போயிற்று. செடிகளை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்திருந்ததால் நோய்க்கு நிலையான இருப்பிடமும் கிடைத்தது. பிற்காலத்தில் பலர் ஆண்டுதோறும் புதிதாக விதையிலிருந்து வளர்த்து, பூத்து முடிந்ததும் செடியை அகற்றும் வழக்கத்திற்கு மாறினார்கள். அந்த வழக்கமே இன்றைக்கும் நல்ல வழி.

துருநோயைக் கண்டறிதல்

இலையின் மேற்பக்கத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும். அதே இடத்தில் இலையின் அடிப்பக்கம் பார்த்தால், கடுகைவிடச் சிறிய பழுப்பு நிறக் கொப்புளங்கள் புடைத்திருக்கும். நோய் பெரும்பாலும் தரையோரத்து முதிர்ந்த இலைகளில் ஆரம்பித்து மேலே ஏறும். முற்றினால் இலைகள் காய்ந்து தொங்கி, தண்டு மட்டும் நிற்கும்.

கோதுமைத் துருவைப் போல இதற்கு வேறு ஓர் இடைச்செடி தேவையில்லை. ஹாலிஹாக்கிலேயே அதன் வாழ்க்கை முழுவதும் நடந்துவிடும். கொப்புளங்களில் உள்ள வித்துகள் ஈரம் கிடைத்தவுடன் முளைத்துப் புது வித்துகளைக் காற்றில் விடும். உதிர்ந்த இலையிலும், செடியின் அடிக்கிழங்கிலும், சுத்தம் செய்யாத விதையின் தோலிலும் நோய் தங்கியிருக்கும்.

தடுக்கும் முறைகள் எளியவை. நெருக்கமாக நடக்கூடாது. தண்டு உயர்ந்ததும் தரையைத் தொடும் இலைகளை நீக்கவேண்டும். கொப்புளம் கண்ட இலைகளைக் கிள்ளி எரித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது. நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே நனையும் கந்தகம் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, இலையின் அடிப்பக்கமும் படும்படி காலை வேளையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். பூத்து, விதை எடுத்ததும் செடியை வேரோடு பிடுங்கி அகற்றவேண்டும். அத்தி இலை ஹாலிஹாக் என்னும் மஞ்சள் பூ இனம், சாதாரண இனத்தைவிடத் துருநோயை ஓரளவு தாங்கும். மழையும் மூடுபனியும் உள்ள மலைப்பகுதிகளில் அவ்வினத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உறவால் வரும் தொல்லை

துருநோய் வெண்டைக்கோ பருத்திக்கோ அச்சம் தருவதில்லை. விவசாயிக்குக் கவலை தரவேண்டியது வேறு. பருத்திக் குடும்பத்தைத் தேடிவரும் பூச்சிகளுக்கு ஹாலிஹாக்கும் அந்தக் குடும்பமே.

புள்ளிக் காய்ப்புழு பருத்தியில் குருத்தையும் காயையும் துளைக்கும். வெண்டையில் இளங்காயைத் துளைக்கும். துத்தியிலும் ஹாலிஹாக்கிலும் பிழைத்திருக்கும். பருத்தி இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் ஹாலிஹாக் உணவாகும். பருத்திப் பஞ்சில் கறை ஏற்படுத்தும் சிவப்புப் பருத்திப் பூச்சி ஹாலிஹாக் விதைகளில் கூட்டமாக மொய்க்கும். தத்துப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகிய சாறு உறிஞ்சும் பூச்சிகளும் இங்கே தங்கும்.

இவற்றுள் பெரிய தொல்லை வெள்ளை ஈயால் வருவது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது இந்த ஈதான். இந்நோயை 1924-ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாகாணத்தில் கண்டு எழுதியிருக்கிறார்கள். நோய் கண்ட செடியில் இலை நரம்புகள் மஞ்சளாகி, வலை பின்னியது போலத் தெரியும். காய் வெளுத்துச் சிறுத்துவிடும். நச்சுயிரி நோயாதலால் செடிக்குள் புகுந்தபின் மருந்து தெளித்து அதைக் குணப்படுத்த முடியாது.

நோய் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே நஷ்டம் அமையும். வெண்டை முளைத்த 35 நாட்களுக்குள் நோய் பிடித்தால் மகசூலில் 90 சதத்திற்கு மேல் போய்விடும். 50-ஆம் நாளில் பிடித்தால் 80 சதத்திற்கு மேல் நஷ்டம். 65-ஆம் நாளில் பிடித்தால் ஏறக்குறையப் பாதி போகும். எனவே வெண்டை இளம்பயிராக உள்ள முதல் ஒரு மாதத்தில் அக்கம்பக்கத்தில் நோயும் ஈயும் இல்லாமல் பார்த்துக்கொள்வதில்தான் விவசாயியின் பணம் இருக்கிறது. இந்த நச்சுயிரி ஹாலிஹாக்கிலும் குடியிருக்கக் கூடியது என்று நோயியல் வல்லுநர்கள் கண்டிருக்கிறார்கள்.

பருத்தியில் இலைச்சுருட்டு நச்சுயிரி நோய் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் பகுதியில் 1993-இல் காணப்பட்டு, வடமாநிலப் பருத்தி வயல்களில் பரவியது. அதையும் பரப்புவது வெள்ளை ஈயே. அந்நோய்க்கும் ஹாலிஹாக் மாற்று உறைவிடமாக இருக்கக் கூடியது.

இடைவெளியை அடைக்கும் செடி

பருத்தியைப் பிடுங்கி வயலைக் காலி செய்வது, வெண்டைக் கொல்லையை உழுதுவிடுவது ஆகியவற்றின் நோக்கம் பூச்சிகளைப் பட்டினி போடுவதே. ஒரு போகம் முடிந்து அடுத்த போகம் முளைக்கும் வரை உணவில்லாமல் போனால் பூச்சிகள் குறையும். நோயும் அடுத்த பயிருக்குத் தாவ வழியின்றி நிற்கும்.

இங்கேதான் ஹாலிஹாக் இடையூறாகிறது. தமிழ்நாட்டில் வெண்டை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், பிப்ரவரி, மார்ச்சிலும் விதைக்கப்படுகிறது. குளிர்காலத்தில் விதைத்த ஹாலிஹாக் பிப்ரவரி, மார்ச்சில்தான் முழு வளர்ச்சியோடு பூத்து நிற்கும். ஆடிப்பட்ட வெண்டையில் பிழைத்த வெள்ளை ஈக்கள் ஹாலிஹாக்கில் இருந்து வாழ்ந்து, மாசிப்பட்டத்து இளம் வெண்டை முளைத்ததும் அங்கே இறங்கும். ஈராண்டு ரகமாக இருந்தால் ஆண்டு முழுவதும் பச்சை இலை நிற்பதால் இந்தத் தொடர்ச்சி அறுவதே இல்லை. ஆற்றைக் கடக்க முடியாமல் நிற்கும் பகைவனுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

சில அடி தள்ளி நட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. வெள்ளை ஈ மிகச் சிறியது. காற்று அதைக் கொண்டு போய்விடும். அடி அளந்து பார்ப்பதைக் காட்டிலும், அந்த வட்டாரத்தில் அந்தப் போகத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

எங்கே நடலாம், எங்கே வேண்டாம்?

உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு, தேயிலை பயிராகும் மலைப்பகுதிகளில் வெண்டையும் பருத்தியும் இல்லை. அங்கு வாசல், வேலியோரம், பள்ளித் தோட்டம் ஆகிய இடங்களில் தாராளமாக நடலாம். துருநோயை மட்டும் கவனித்தால் போதும்.

வெண்டை, பருத்தி, புளிச்சை பயிரிடும் வட்டாரங்களில் ஹாலிஹாக் வேண்டாம். அங்கு வாசலுக்கு உயரமான பூச்செடி வேண்டுமானால் சூரியகாந்தி, செண்டுமல்லி, சம்பங்கி போன்ற வேறு குடும்பச் செடிகள் இருக்கின்றன. ஆசைக்கு ஒன்றிரண்டு ஹாலிஹாக் வைத்தே தீருவேன் என்பவர்கள் ஓராண்டு ரகத்தையே வைக்கவேண்டும். பூத்து முடிந்த வாரமே பிடுங்கவேண்டும். அடுத்த வெண்டை விதைப்புக்குக் குறைந்தது இரண்டு, மூன்று வாரம் முன்பே செடியில்லாமல் செய்துவிட வேண்டும். இலை நரம்பு மஞ்சளாகிய செடி தென்பட்டால் பூவுக்காகக் காத்திராமல் அன்றே அகற்றுவது நலம்.

ஹாலிஹாக்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வரப்பில் தானே முளைக்கும் துத்தி முதலான களைகளும் இதே வேலையைச் செய்கின்றன. பூச்செடியைப் பிடுங்கிவிட்டுக் களைகளை விட்டுவைத்தால் ஒரு வாசலை அடைத்து மறு வாசலைத் திறந்து வைத்ததாகும்.

ஒரு சிறு விவசாயி 20 சென்ட்டில் வெண்டை போட்டு வாரம் இருமுறை சந்தைக்குக் காய் எடுத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காய்தான் அவர் வீட்டின் கைச்செலவு. முதல் மாதத்திலேயே தேமல் பரவினால் விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் போகும்; வாரச் சந்தைப் பணமும் நிற்கும். வாசலில் நின்ற பூ அதற்கு ஈடாகாது. பக்கத்து நிலத்துக்காரருக்கும் இதே கதிதான். எனவே இது அவரவர் வீட்டு விஷயம் மட்டுமல்ல. ஊரார் கூடிக் கவனிக்கவேண்டியது.

பூச்சிகளைக் கண்காணித்தல்

வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். செடியை லேசாக அசைத்தால் வெள்ளைத் தூள் பறப்பது போல ஈக்கள் எழுந்தால் அது வெள்ளை ஈ. ஆமணக்கெண்ணெய் அல்லது கிரீஸ் தடவிய மஞ்சள் தகட்டைச் செடி உயரத்தில் நிறுத்தினால் ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். வெண்டை வயலில் ஏக்கருக்கு ஐந்து பொறிகள் வைத்தால், ஈ எப்போது பெருகுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஆரம்ப நிலையில் வேப்பங்கொட்டைச் சாறு போதுமானது. 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கவேண்டும். சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். பூத்திருக்கும் செடியில் கடும் பூச்சிமருந்துகளைத் தெளிக்கக் கூடாது. ஹாலிஹாக் பூவைத் தேடித் தேனீக்கள் வரும். மருந்தால் பூச்சியோடு தேனீயும் சாகும்.

விதை எடுத்தல்

பூ உதிர்ந்தபின் அதே இடத்தில் விதைகள் வட்டமாக, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் போல அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். மேல்தோல் காய்ந்து பழுப்பு நிறமானதும் பறித்து நிழலில் உலர்த்தவேண்டும். விதைகளைத் தனித்தனியாகப் பிரித்து, தோலையும் தூசியையும் நன்றாகப் புடைத்து நீக்கவேண்டும். துருநோய் அந்தத் தூசியோடுதான் போகும். நோய் கண்ட செடியிலிருந்து விதை எடுக்கவே கூடாது. ஈரமில்லாத காகிதப் பையில் வைத்தால் விதை சில ஆண்டுகள் முளைப்புத்திறன் குறையாமல் இருக்கும்.

ஒரே நிறத்தில் விதை வேண்டுமானால் அந்த நிறச் செடிகளை மட்டும் தனியே வளர்க்கவேண்டும். இப்பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்து, சூல்முடி பிறகு விரிகிறது. அதனால் தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்குக் கொண்டு போய்க் கலப்பு ஏற்படும். சிவப்புப் பூவில் எடுத்த விதை மறு ஆண்டில் வேறு நிறம் காட்டினால் வியப்பதற்கில்லை.

வருமானம் வருமா?

ஹாலிஹாக் மாலைக்கோ கூடைக்கோ ஏற்ற பூவல்ல. பறித்த பூ அன்றே வாடும். தண்டோடு வெட்டினாலும் நெடுந்தூரம் அனுப்பத் தாங்காது. ஆகவே கனகாம்பரம், செண்டுமல்லி போல ஏக்கர் கணக்கில் போட்டுச் சந்தைக்கு அனுப்பலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்து நிலத்தை ஒதுக்குவது விவேகமல்ல.

மலைப்பகுதிகளில் பையில் வளர்த்த நாற்றுகளையும் சுத்தமான விதையையும் நாற்றுப்பண்ணைகளுக்கும், சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் இடங்களுக்கும் கொடுத்துச் சிறு வருமானம் பார்க்கலாம். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேலியோர ஒற்றை அடுக்குப் பூச்செடிகள் துணையாகும். இதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை.

ஆள் உயரத்துக்கு மேல் நின்று பூக்கும் செடி வீட்டுக்கு அழகுதான். மலையில் நடுபவர் இடைவெளி விட்டு நட்டு, அடியில் நீர் பாய்ச்சி, பூத்தபின் அகற்றினால் ஆண்டுதோறும் பூவைக் காணலாம். வெண்டையும் பருத்தியும் விளையும் ஊரில் இருப்பவர், விதைப் பொட்டலத்தைக் கையில் எடுக்கும் முன்பு பக்கத்து வயலில் என்ன நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.